ஆபீஸ் சிபியுவுக்கு வேற எஸ்.எம்.பி.எஸ். போட்டு மூணு வருஷம்

என்னிடம் இருப்பது ஆபீஸ்களுக்கென்றே ஒரு பெரிய கம்பெனி செய்த டவர் மாடல். ஐ5-8500, ஆறு கோர், 16 ஜிபி ரேம். 2022இல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரீஃபர்பிஷ்டாக வாங்கி, நெல்லை எக்ஸ்பிரஸில் என் பெர்த்தை அதற்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தபடியே பாளையங்கோட்டை வந்து சேர்ந்தேன். அதில் இருந்த எஸ்.எம்.பி.எஸ். (வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) 250 வாட். ஆபீஸ் வேலைக்கு அது தாராளம். அதைக் குறை சொல்லவும் மாட்டேன். கம்பெனிக்காரன் போட்டது வாட் கம்மியாக இருக்கும், ஆனால் எழுதியதைக் கொடுக்கும்.

கேம் ஆடணும் என்று ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தவரை பிரச்சினையே இல்லை. தனியாகப் பவர் வயர் கேட்காத மாடல் அது. மதர்போர்டு ஸ்லாட் தருகிற 75 வாட்டிலேயே ஓடிவிடும். ஆசை அதோடு நிற்கவில்லை. ஆர்எக்ஸ் 6600 வாங்கினேன். மொத்தம் 132 வாட் இழுக்கும், தலையில் 8 பின் பிளக் ஒன்று கேட்கும். என் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அந்த வயரே கிடையாது.

கார்டு வாங்கிய கடையில் சொன்னேன். "அதுக்கென்ன தம்பி" என்று மேஜை டிராயரிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் கேபிளை எடுத்து சும்மாவே கொடுத்தார்கள். ஒரு பக்கம் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பிளக் இரண்டு, மறுபக்கம் 8 பின். மாட்டினேன். கம்ப்யூட்டர் ஆன் ஆனது, கார்டு வேலை செய்தது, சந்தோஷமாகத் தூங்கினேன்.

மறுநாள் சைபர்பங்க் 2077 போட்டு இருபது நிமிஷத்தில் திரை கருப்பு, ரீஸ்டார்ட். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு வரி. அது நோயின் பெயர் இல்லை. 'முறையாக ஆஃப் செய்யாமல் ரீஸ்டார்ட் ஆச்சு' என்று விண்டோஸ் சொல்கிற புகார், அவ்வளவுதான். கேமைக் குறை சொன்னேன், டிரைவரைக் குறை சொன்னேன், இரண்டையும் திரும்ப இன்ஸ்டால் செய்தேன். மூன்றாவது தடவை லேசாக பிளாஸ்டிக் வாடை வந்தது. கழற்றிப் பார்த்தால் சாட்டா பிளக்கின் ஒரு மூலை பழுப்பேறி, நகத்தால் அழுத்தினால் குழைகிறது.

கணக்கு ரொம்ப எளிது, நான்தான் போடவில்லை. சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின். பின்னுக்கு ஒன்றரை ஆம்பியர் வைத்தால் நாலரை ஆம்பியர், அதாவது 54 வாட். கார்டின் 8 பின்னோ 150 வாட் வரை இழுக்க உரிமை உள்ளது. இரண்டு சாட்டா சேர்த்தாலும் 108தான். அதைவிட மோசம், இந்த மாதிரி ஆபீஸ் மாடல்களில் ஹார்ட் டிஸ்க் வயர் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்தே வருவதில்லை. மதர்போர்டிலிருந்து நூல் மாதிரி மெல்லிசாக ஒரு வயர் வரும். அதன் வழியாகத்தான் என் கார்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

சரி, எஸ்.எம்.பி.எஸ். மாற்றலாம் என்று முடிவு செய்தபோது, எத்தனை வாட் என்பதுதான் பெரிய கேள்வி என்று நினைத்தேன். அது பத்து நிமிஷ வேலை. கார்டு 132, பிராசஸர் 65, ஃபேன், டிஸ்க், போர்டு எல்லாம் சேர்த்து ஒரு 40. மொத்தம் 240க்குக் கொஞ்சம் கம்மி. கார்டின் சிப்பைச் செய்கிற ஏஎம்டியே இந்தக் கார்டுக்கு 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். என்றுதான் சொல்கிறது. கோர்செர் சிஎக்ஸ் 550 எடுத்தேன், 4,300 ரூபாய். 80 பிளஸ் ப்ரான்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான தரச் சான்று), ஐந்து வருஷ வாரண்டி.

கடையில் '450 வாட்' என்று பெரிசாக எழுதிய 700 ரூபாய் டப்பாவும் இருந்தது. அதன் ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள், கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது அதிலிருந்துதான்: 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். மீதி 258 வாட் எங்கே என்று கேட்கக்கூடாது. சிஎக்ஸ் 550இல் அதே வரிசையில் 45.8 ஆம்பியர் போட்டிருக்கும், பெருக்கினால் 550க்கு வந்து நிற்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும், ஒன்று தேங்காய், இன்னொன்று சிரட்டை.

உண்மையான வேலை வீட்டுக்கு வந்ததும்தான் ஆரம்பித்தது. கடையில் கிடைக்கும் எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் மதர்போர்டுக்கு 24 பின் பிளக் வரும். என் போர்டில் இருந்தது வெறும் 6 பின். இந்தக் கம்பெனிகள் 3.3 வோல்ட், 5 வோல்ட் எல்லாவற்றையும் போர்டிலேயே தயாரித்துக்கொள்ளும். எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட் மட்டும் கொடுத்தால் போதும். யோசனை நல்ல யோசனைதான். இன்டெலே பிற்பாடு ஏடிஎக்ஸ்12விஓ என்ற பெயரில் 10 பின் வைத்து இதே வழிக்கு வந்தது. ஆனால் பிளக்கை மட்டும் ஊருக்கு ஒரு சாதியாக வைத்திருப்பதுதான் வயிற்றெரிச்சல்.

24 பின்னிலிருந்து 6 பின்னுக்கு கன்வெர்ட்டர் ஆன்லைனில் 500 ரூபாய்க்குள் கிடைத்தது. என் மாடலுக்கான கேபிளின் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும். கம்ப்யூட்டர் ஆஃபில் இருக்கும்போதும் போர்டுக்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருக்கணும். கடை எஸ்.எம்.பி.எஸ். அதை 5 வோல்ட்டாகத் தரும், என் போர்டு 12க்குப் பக்கத்தில் கேட்கும். அந்தச் சர்க்யூட்தான் ஏற்றிக் கொடுக்கிறது. முதலில் வந்த கேபிளில் அது இல்லை. பிளக் என்னவோ கச்சிதமாகப் பொருந்தியது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததால் தப்பித்தேன். கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து ஒவ்வொரு பின்னாகத் தொட்டதில், போர்டின் படத்தில் 12 என்று இருந்த இடத்தில் 5 காட்டியது. திருப்பி அனுப்பிவிட்டு, விளக்கத்தில் என் மாடல் நம்பரே எழுதியிருந்த வேறொரு கடையில் வாங்கினேன். அதில் 11.9. பிளக் உள்ளே போய்விட்டது என்பதற்காக யாரும் சுவிட்சைத் தட்டிவிட வேண்டாம்.

இடம் விஷயத்தில் எனக்கு அதிர்ஷ்டம். ஏடிஎக்ஸ் (கடை எஸ்.எம்.பி.எஸ்.களின் பொது அளவு) என்றால் அகலம் 150 மில்லிமீட்டர், உயரம் 86. என் கேபினெட்டின் பின்பக்க ஓட்டை அதே அளவு, ஸ்க்ரூவும் நான்கில் மூன்று சேர்ந்தது. நாலாவது ஸ்க்ரூ இன்றுவரை இல்லை. ஒல்லியான ஸ்லிம் மாடல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதையே கிடையாது, எஸ்.எம்.பி.எஸ். உள்ளே நுழையாது. ஹார்ட் டிஸ்க்கையும் போர்டிலிருந்து பிரித்துப் புது வயருக்கே மாற்றிவிட்டேன். மிஞ்சிய வயர்களைச் சுருட்டி வைக்க டிவிடி டிரைவைப் பிடுங்கி எறிந்தேன்.

ஆன் செய்தேன். அன்று ராத்திரி மூன்று மணி நேரம் சைபர்பங்க். ஒரு தடவைகூட அணையவில்லை.

ஒரு வாரம் கழித்து அம்மா, "அந்தப் பெட்டியத் தொட்டா சுர்ருங்குது, என்னன்னு பாரு" என்றாள். வெறும் காலோடு கேபினெட்டைத் துடைத்திருக்கிறாள். நானும் புறங்கையை வைத்துப் பார்த்தேன், எறும்பு ஊர்கிற மாதிரி. டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறது. புது எஸ்.எம்.பி.எஸ். லீக் ஆகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். திருப்பிக் கொடுக்கப் பேக் செய்யும் நேரத்தில், மோட்டர் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் கேபினெட்டைப் பார்க்கவே இல்லை. சுவரில் இருந்த சுவிட்ச் போர்டைக் கழற்றினார். "தம்பி, மூணு ஓட்ட இருக்கு, ரெண்டு வயருதான் இருக்கு. எர்த்து யாரு குடுப்பா?"

எஸ்.எம்.பி.எஸ். உள்ளே நுழைகிற இடத்தில் இரைச்சலை வடிகட்டி எர்த்துக்குத் தள்ள இரண்டு சின்ன கெபாசிட்டர் இருக்கும், ஒன்று லைனிலிருந்து, ஒன்று நியூட்ரலிலிருந்து. எர்த் இல்லையென்றால் அவற்றின் நடுப்புள்ளி, அதாவது கேபினெட்டின் உடம்பு, 230இல் பாதியில் நிற்கும். கரண்ட் மிகக் கொஞ்சம்தான், ஆனால் சுர்ர். பழைய எஸ்.எம்.பி.எஸ். காலத்திலும் இது இருந்திருக்கும். அப்போது பெட்டி மர மேஜைமேல் இருந்தது, வேலைக்காகத் தரைக்கு இறக்கியபிறகுதான் தெரிந்தது. எர்த் வயர் இழுக்க ஆன செலவு 1,200. எஸ்.எம்.பி.எஸ். மாற்றியதில் கிடைத்த பெரிய லாபம் எது என்று கேட்டால் கேமைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது யூ.பி.எஸ். 600 விஏ என்று போட்டிருக்கும், நிஜத்தில் 360 வாட். பிளக்கில் மாட்டுகிற வாட் மீட்டர் வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 42, கேமில் 220இலிருந்து 235. மானிட்டர் தனியாக 25. கணக்குப்படி தாங்கணும். ஆனால் கேம் நடுவே கரண்ட் போனால் நாலில் ஒரு தடவை கம்ப்யூட்டரும் சேர்ந்து போகும். கேம் இல்லாமல் பாட்டு மட்டும் ஓடினால் போகாது. இந்தப் புது ரக எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஆக்டிவ் பிஎஃப்சி என்று, கரண்டை அலைக்கு ஏற்பச் சீராக இழுக்கும் சர்க்யூட் ஒன்று உண்டு, அதற்கும் மலிவு யூ.பி.எஸ். தருகிற படிப்படியான அலைக்கும் ஒத்துப்போவது சந்தேகம். கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறுகிற நேரத்தில் எஸ்.எம்.பி.எஸ். தன் கையிருப்பில் தாங்குவதும் சுமார் 16, 17 மில்லி செகண்ட்தான், அதுவும் லோடு அதிகம் இருந்தால் இழுபறி. வீட்டு இன்வெர்ட்டர் பழசாகி மாற்ற வேண்டிய நேரமும் வந்ததால் வீட்டுக் கரண்ட் மாதிரியே வழவழப்பான அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கி, அதன் பின்பக்க சுவிட்சை, பேட்டரிக்கு வேகமாக மாறுகிற 'யூ.பி.எஸ்.' பக்கம் தள்ளினேன். அதன்பின் அணைந்ததில்லை. சின்ன யூ.பி.எஸ். இப்போது வைஃபை பெட்டிக்கு.

வாட் பற்றி இன்னொரு சின்ன விஷயம். ஏஎம்டி சாஃப்ட்வேரில் கார்டு 100 வாட் என்றே காட்டும். அது சிப் மட்டும் தின்பது. மெமரி, ஃபேன் எல்லாம் சேராது. அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு என்னை மாதிரி கருகிய பிளக்கை முகராதீர்கள்.

மூன்று வருஷத்தில் எஸ்.எம்.பி.எஸ். பக்கம் கெட்டது எதுவும் இல்லை. சித்திரை வெயிலில் மதியம் ஆடினால் ஃபேன் சத்தம் கேட்கும், அது பிராசஸருக்கு மேலேயே உட்கார்ந்து அதன் சூட்டை உறிஞ்சுவதால். பொங்கலுக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை புளோயர் அடிக்கிறேன், ஃபேன் றெக்கையைக் குச்சியால் பிடித்துக்கொண்டு. உள்ளே திறப்பதில்லை. வயரைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெபாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். பழைய கார்டைக் கழற்றிய ஸ்லாட்டுக்கு மூடி போடாமல் விட்டதில் பல்லி ஒன்று குடிவந்தது. அதற்குமுன் செல்லோ டேப் ஒட்டியிருக்கலாம்.

இனி பெரிய கார்டு போடுவேனா? எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இடம் இருக்கிறது, பிராசஸரில் இல்லை. சில கேம்களில் இப்போதே ஐ5 முட்டி நிற்க, கார்டு சும்மா காத்திருக்கிறது. அடுத்து மாற்றினால் போர்டையே மாற்றணும், அப்போது அந்த 500 ரூபாய் கன்வெர்ட்டருக்கும் ஓய்வு.

வாரண்டி 2027 கடைசி வரை இருக்கிறது. போன வாரம் பில்லைத் தேடி எடுத்தேன். தெர்மல் பேப்பர், வெள்ளையாகிவிட்டது. வாங்கிய அன்று தம்பி வாட்ஸப்பில் "எவ்ளோ ஆச்சு" என்று கேட்டதற்குப் பில்லையே போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். அதைத் தேடிப் பிடித்து, பிரின்ட் எடுத்து, டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.