வில்லுப்பாட்டுப் பதிவு: இரண்டு மைக்கா, ஆளுக்கொரு மைக்கா?

நெல்லைச் சீமை வில்லுப்பாட்டை எல்பி இசைத்தட்டுக்காகப் பதிவதென்றால் என் ஓட்டு இரண்டு மைக்குக்குத்தான். 17 செ.மீ. இடைவெளி, 110 பாகைக் கோணம். பிரெஞ்சு வானொலி வகுத்த முறை இது. வில்மணி நடுவில், குடம் ஒரு பக்கம், உடுக்கை மறுபக்கம் என்று மேடை அப்படியே காதில் விரியும். பந்தலின் எதிரொலியும் கூடவே வரும். ஆனால் குடம் ஓங்கினால் பாட்டு அமுங்கும். பிறகு திருத்த முடியாது. பதிவுக்கு முன்பே மைக்கையோ ஆளையோ நகர்த்திவிட வேண்டும். (தலைமைப் பாடகரான அண்ணாவியை நகரச் சொல்ல யாருக்குத் துணிச்சல்?)

ஆளுக்கொரு மைக் என்றால் மிக்ஸிங்கில் ஏற்றி இறக்கலாம். கோயில் கொடையில் பக்கத்திலேயே குழாய் ஸ்பீக்கர் அலறினால் இதுதான் கதி. அப்புறம் குடத்தின் அடித்தொனியை, அதாவது கனத்த தாழ்ந்த ஒலியை, மட்டும் இடது அல்லது வலது ஓரமாகத் தள்ளிவிடாதீர்கள். தட்டில் ஊசி தடம் விட்டுத் துள்ளக்கூடும்.