மினசோட்டா குளிருக்கு எந்தத் திராட்சை: மார்க்வெட்டா, ஃபிரான்டினாக்கா?

2019 ஜனவரி 30 அன்று அமெரிக்காவின் வடக்கில் இருக்கும் மினசோட்டா மாநிலத்தின் மினியாபோலிஸ் நகரில் வெப்பநிலை மைனஸ் 33 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. அந்தப் பக்கம் ரீஸ்லிங், பினோ நுவார் மாதிரி ஐரோப்பிய ரகங்களை வைத்து ஒயின் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மைனஸ் 25-ஐ நெருங்கும்போதே அவற்றின் மொட்டுகளில் பெரும்பாலானவை செத்துவிடும். முன்பு ஆசைப்பட்டவர்கள் குளிர் தொடங்கும் முன் கொடியைக் கம்பியிலிருந்து அவிழ்த்து, படுக்கவைத்து, மண்ணைப் போட்டு மூடி, வசந்தத்தில் திரும்பத் தோண்டி எடுத்துக் கட்டினார்கள். பத்துக் கொடிக்குச் சரி, ஓர் ஏக்கருக்கு முடியாது.

ஆக, போட்டி அந்தக் குளிருக்கென்றே உருவாக்கிய கலப்பின ரகங்களுக்குள்தான். ஆற்றோரங்களில் தானாகப் படரும் ரிப்பேரியா என்ற காட்டுத் திராட்சைதான் இவற்றுக்குக் குளிர் தாங்கும் குணத்தைக் கொடுத்தது, கூடவே தன் கடும் புளிப்பையும் கொடுத்துவிட்டது. மினசோட்டா பல்கலைக்கழகம் வெளியிட்டவற்றில் நான்கை எடுத்துக்கொள்கிறேன். சிவப்பில் ஃபிரான்டினாக் (1996), மார்க்வெட் (2006). வெள்ளையில் லா கிரசென்ட் (2002), இடாஸ்கா (2017).

எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை டிகிரி வரை தாங்கும்?" என்றுதான். நான்குமே நன்றாக முதிர்ந்த கொடியில் மைனஸ் 35 பக்கம் வரை தாக்குப்பிடிக்கக்கூடியவை, அதனால் அந்தக் கேள்வியை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. மே மாத உறைபனியில் என்ன ஆகும் என்று கேளுங்கள், அங்கேதான் வித்தியாசம் தெரியும்.

மார்ச்சில் கவாத்துக்கு முன்னால் ஒரு குச்சியை வெட்டி வீட்டுக்குள் கொண்டுவந்து, மொட்டின் தலையைப் பிளேடால் மெல்லிசாகச் சீவிப் பாருங்கள். வெளியே ஒன்றாகத் தெரிவது உள்ளே மூன்று: நடுவில் பெரிய மொட்டு, அதை ஒட்டி இரண்டாவது, அப்புறம் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் மூன்றாவது. பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் போய்விட்டது. மார்க்வெட் சீக்கிரமே துளிர்விடும் ரகம், அதனால் மே பனியில் நடுமொட்டின் தளிர் கருகும் ஆபத்து அதற்கு அதிகம். பிறகு இரண்டாவது மொட்டு துளிர்க்கும், கொடி பச்சைப்பசேல் என்று ஆகிவிடும், ஆனால் குலை கொஞ்சம்தான் இருக்கும். ஃபிரான்டினாக்கில் இரண்டாவது மொட்டே ஓரளவு நல்ல விளைச்சல் தரும். பள்ளத்தில், குளிர்காற்று வந்து தேங்கும் நிலத்தில் தோட்டம் போடுகிறவருக்கு இதைவிடப் பெரிய விஷயம் வேறு இல்லை.

சரி, ஒயின்? இங்கே எனக்குச் சந்தேகமே இல்லை, மார்க்வெட்தான். பினோ நுவார் அதன் பாட்டன் பாட்டி வரிசையில் வருகிறது. செர்ரி வாசமும் மிளகுக் காரமும் உண்டு, வடக்கத்திக் கலப்பினங்களில் அபூர்வமான துவர்ப்பும் ஓரளவு இருக்கிறது. ஃபிரான்டினாக்குக்கு ஆழமான நிறமும் தூக்கலான செர்ரி மணமும் இருந்தாலும் துவர்ப்பு குறைவு, புளிப்போ மிக அதிகம். இனிப்பு 24, 25 பிரிக்ஸ் (சாற்றில் சர்க்கரை ஏறத்தாழ எத்தனை சதவீதம் என்ற அளவு) ஏறிய பிறகும் லிட்டருக்கு 15 கிராம் அளவுக்கு அமிலம் நிற்பது சகஜம், வழக்கமான சிவப்பு ஒயின் திராட்சையில் அது பாதிதான் இருக்கும். அந்த அமிலத்தில் கணிசமான பங்கு மாலிக் அமிலம் என்பது ஒரு நல்ல செய்தி, பாக்டீரியாவைக் கொண்டு அதை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றலாம், 71பி என்ற ஒயின் ஈஸ்ட் ரகமும் நொதிக்கும்போதே அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஆனால் சிக்கல் என்னவென்றால், இந்த ரகத்தில் பொட்டாசியம் அதிகம் என்பதால் அமிலமும், வழக்கமாக அமிலம் ஏறினால் இறங்க வேண்டிய பிஎச் அளவும் சேர்ந்தே உயர்ந்து நிற்கும். பொட்டாசியம் பைகார்பனேட்டைக் கொட்டிப் புளிப்பைக் குறைத்தால் பிஎச் இன்னும் ஏறி, நிறமும் மங்கும், ஒயினும் நாள்படாது. அதனால் பறவைக்கு வலை கட்டிவிட்டு, எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் பழத்தைக் கொடியிலேயே விட்டுவைப்பதுதான் நல்லது. ஃபிரான்டினாக்கை வெளிர்சிவப்பு ரோஸே ஒயினாகவோ, போர்ட் மாதிரி இனிப்பான ஒயினாகவோ செய்தால் அதே புளிப்பு அழகாகப் பொருந்தும்.

வெள்ளையில் முடிவு சீக்கிரம் வரும். லா கிரசென்ட்டின் வம்சத்தில் மஸ்கட் இருக்கிறது, விஸ்கான்சினில் பால் பண்ணை நடத்திக்கொண்டே திராட்சை ரகங்களை உருவாக்கிய எல்மர் ஸ்வென்சனின் செயின்ட் பெபினும் இருக்கிறது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாலே ஆப்ரிகாட் வாசம் வரும், எனக்கு அந்த வாசம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் இலையில் அடிச்சாம்பல் நோய் எளிதாக வரும், பழுத்த பழம் காம்பை விட்டு உதிரும், புளிப்பை ஈடுகட்டக் கொஞ்சம் இனிப்பு மிச்சம் வைத்தே ஒயினை முடிக்க வேண்டியிருக்கும். இடாஸ்காவை உருவாக்கியதே இந்தப் புளிப்பைக் குறைக்கத்தான், இனிப்பில்லாத ஒயின் அதில் இயல்பாக வருகிறது, நோயும் குறைவு. மருந்தடிக்க நேரம் இல்லாதவர் யோசிக்காமல் இடாஸ்கா வைக்கலாம்.

சிவப்புக்கு மட்டும் அவசரப்பட்டு நாற்றுக்குப் பணம் கட்டாதீர்கள். ஒரு மே மாதம் முழுக்க நிலத்தின் மேட்டில் ஒன்றும் தாழ்ந்த மூலையில் ஒன்றுமாக இரண்டு தெர்மாமீட்டர்களைக் கம்பத்தில் கட்டி, விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மேட்டில் பூஜ்யத்துக்கு மேலேயே நின்றால் அங்கே மார்க்வெட். தாழ்ந்த மூலை மே பாதியிலும் மைனஸுக்குப் போனால் அங்கே ஃபிரான்டினாக் போதும்.