எரிகல்லா, செயற்கைக்கோளா: படத்தில் விழுந்த கோடு எது?

இரவு வானை இருபது, முப்பது விநாடி ஒளிபடும்படி படமெடுக்கும்போது மெல்லிய ஒளிக்கோடு ஒன்று அதில் விழுவது இன்று அரிதன்று. அது எரிகல்லா, செயற்கைக்கோளா என்றறிய நான் முதலில் பார்ப்பது கோட்டின் வடிவத்தைத்தான். எரிகல் பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் எரிந்து முடிவதால், அதன் கோடு மெலிதாகத் தொடங்கி, இடையில் தடித்து, மீண்டும் கூர்ந்து மறையும். ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில் கல்லின் ஆவியும் காற்றும் சேர்ந்து ஒளிர்வதால் பச்சையோ சிவப்போ அதில் கலந்திருப்பதும் உண்டு. செயற்கைக்கோளோ சூரிய ஒளியைத் திருப்பியனுப்புவதால், அதன் தடம் பெரும்பாலும் ஒரே தடிமனில் வெண்மையாக நீளும்.

வடிவம் ஏமாற்றவும் கூடும். முதல் தலைமுறை இரிடியம் செயற்கைக்கோள்களின் பளபளப்பான ஆன்டெனாக்கள் சில விநாடிகள் பளிச்சிட்டு மங்கியபோது, அவை எரிகல்லைப் போலவே படத்தில் பதிந்தன. ஆகவே அடுத்தடுத்த படங்களே உறுதியான சான்று என்பேன்: எரிகல் பொதுவாக ஒரே படத்தோடு முடிந்துவிடும், சுமார் 400 கி.மீ. உயரத்தில் செல்லும் பன்னாட்டு விண்வெளி நிலையம் வானைக் கடக்கச் சில நிமிடங்கள் எடுப்பதால், அதன் கோடு சிறு இடைவெளிகளுடன் பல படங்களில் தொடரும். நல்ல படம் ஒன்று கிடைத்ததும் மற்றவற்றை அழித்துவிடாதீர்கள்.

டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எனும் எரிகல் பொழிவைப் படமெடுப்பவர்களுக்கு இன்னொரு துணையும் உண்டு: அப்பொழிவின் எரிகல்லானால், கோட்டைப் பின்னோக்கி நீட்டும்போது அது மிதுன ராசியின் காஸ்டர் விண்மீனுக்கு அருகே சென்று சேரும்.