இறக்குவதா, ஏற்றுவதா? ஃபெராரி 355 சேலஞ்சும் 360 சேலஞ்சும்

இதை எழுதும் நேரத்தில் என் காரின் என்ஜின் காருக்குள் இல்லை. மியூனிக்கிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் ஒரு பட்டறையில், கியர்பாக்ஸோடு சேர்ந்து தள்ளுவண்டி மேல் உட்கார்ந்திருக்கிறது. விபத்தும் இல்லை, பழுதும் இல்லை. டைமிங் பெல்ட், அதாவது என்ஜினில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பட்டை, அதை மாற்றும் காலம் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஃபெராரி 355-ல் அந்தப் பெல்ட்டைத் தொட வேண்டுமானால் என்ஜினை மொத்தமாகக் கீழே இறக்கித்தான் ஆக வேண்டும். இது தெரிந்தேதான் 355 சேலஞ்சை வாங்கினோம். பெல்ட்டுக்காக என்ஜினை இறக்கவே தேவையில்லாத 360 சேலஞ்ச் அதைவிடக் குறைந்த விலையில் கண் முன்னால் நின்றபோதும்.

"வாங்கினோம்" என்றால் நானும் ஒரு நண்பரும் பாதிப் பாதி. பங்காளி என்றாலே ஊரில் வரப்புத் தகராறுதான் ஞாபகத்துக்கு வரும், எங்கள் தகராறு இந்த இரண்டு காருக்கு நடுவில்தான் ஓடியது, ஏறக்குறைய ஒரு வருஷம். அவர் 360 கட்சி. நான் முதலில் எந்தக் கட்சியும் இல்லை.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சேலஞ்ச் என்பது ஒரே மாடல் காரை மட்டும் வைத்து நடத்தும் பந்தயம், எல்லோருக்கும் ஒரே என்ஜின், ஒரே டயர், மிச்சம் ஓட்டுகிறவர் கையில். காசும் ஆசையும் உள்ள வாடிக்கையாளர்களுக்காகக் கம்பெனியே நடத்துவது. ஃபெராரி இதை 1993-ல் 348-ஐ வைத்துத் தொடங்கியது. 1995-ல் 355 வந்தது, 2000-ல் 360. அப்புறம் 430, 458, 488, 296 என்று இன்றுவரை போகிறது.

பட்டியலில் முதலில் இந்த மாதிரிப் பந்தயங்களுக்காகச் செய்த வேறு கார்களும் இருந்தன. 348 சேலஞ்ச் சீக்கிரமே கழன்றுகொண்டது, அதிலும் பெல்ட்டுக்கு என்ஜினை இறக்கத்தான் வேண்டும், அந்தத் தொல்லையைப் பட்ட பிறகும் 355-ன் சத்தம் கிடைக்காது. மஸராட்டி கிப்லி ஓப்பன் கப் மேல் எனக்கு உண்மையிலேயே ஒரு கண் இருந்தது. இரண்டு லிட்டருக்கு மேல் போனால் இத்தாலியில் வரி எகிறிய காலத்துக் கார் அது, அதனால் 2 லிட்டர் வி6-க்கு இரண்டு டர்போ மாட்டி 330 குதிரைத்திறன் எடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வக்கீல் ஓட்டும் கார் மாதிரி இருக்கும், அதுதான் அதன் அழகு. ஆனால் செய்ததே இருபத்தைந்து அளவில். விற்க ஒருவர் மனது வைக்கும்வரை காத்திருக்க எங்களுக்குப் பொறுமை இல்லை. 1992-93-ல் ஓடிய மஸராட்டி பார்கெட்டா அதைவிட அரிது, 17 கார்தான், எடை 775 கிலோ, அதைப் படத்தில் பார்த்ததோடு சரி. லம்போர்கினி டியாப்லோ எஸ்விஆர், 1996, 5.7 லிட்டர் வி12, 540 குதிரைத்திறன், முப்பது சொச்சம் கார். ஒன்றின் சத்தத்தை ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். விலையை விசாரிக்கக்கூட நாங்கள் போகவில்லை.

ஆக, 355-ஆ 360-ஆ.

எல்லோரும் பேசும் விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 355-ல் 3.5 லிட்டர் வி8, சிலிண்டருக்கு ஐந்து வால்வு (பெயரே அதுதான்: 3.5, 5), 380 குதிரைத்திறன், நிமிஷத்துக்கு 8,250 சுற்றில். ஆறு கியரும் கையால் போடுவது, உலோகத் தட்டில் வெட்டிய பள்ளங்களுக்குள் குச்சி 'டக்' என்று விழும். 360-ல் 3.6 லிட்டர், 400 குதிரைத்திறன், அலுமினியக் கூடு, கியர் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்பில் மட்டும், கிளட்ச் மிதியே கிடையாது. டிராக்கில் 360 வேகம், அதில் சந்தேகமே இல்லை. நான் அதை ஓட்டியது மொத்தம் நான்கு சுற்று, அதுவும் ஈரத் தரையில், ஆனாலும் எனக்கே தெரிந்தது. பிரேக்கும் திருப்பமும் அதில் வேறு தலைமுறை. பக்கத்துக் காரோடு முட்டி மோதி ஓட்டிப் பார்த்தவன் இல்லை நான், பந்தயத்துக்கு எது மேல் என்று அதைச் செய்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். அழகு? இரண்டுமே பினின்ஃபரினா நிறுவனத்தின் வடிவமைப்பு. என் ஓட்டு 355-க்கு. அடுத்தது.

எங்களுக்கு முடிவு செய்து தந்தது பராமரிப்பு. சொன்னால் சிரிப்பு வரும், பராமரிப்பு என்ற கணக்கில் 355 முதல் பார்வையிலேயே தோற்க வேண்டிய கார். பெல்ட்டை மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், மூன்றா ஐந்தா என்பது யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. கிலோமீட்டரே ஓடாவிட்டாலும் மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வுகள் பிஸ்டன் தலையில் போய் இடிக்கும், அதோடு என்ஜின் கதை முடிந்தது. இதோடு, ஆரம்ப வருஷத்துக் கார்களில் வால்வ் கைடு (வால்வு ஏறி இறங்கும் குழல்) வெண்கலம், அது தேய்கிறது என்பதும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்த் தொகுப்பு) விரிசல் விடும் என்பதும் 355 வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 360-ல் இருக்கைக்குப் பின்னால் ஒரு மூடியைக் கழற்றினால் பெல்ட் கைக்கு எட்டும். பங்காளி இதை ஒரு தாளில் எழுதி, நான்கு வருஷக் கணக்கு போட்டுக் காட்டினார். தாளில் 360 ஜெயித்துவிட்டது. எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தத் தாளில் இல்லாதது ஒன்றுதான்: நம்பர் பிளேட்.

355 சேலஞ்ச் சாலைக் காராகப் பிறந்தது. முதலில் சாதாரண 355 பெர்லினெட்டா (கூரை மூடிய கார்), அதற்கு மேல் ஒரு பந்தயக் கிட்: ரோல் கேஜ் (கவிழ்ந்தால் காக்கும் கம்பிக்கூடு), ஃபெராரியின் எஃப்40 கார் வழி வந்த பெரிய பிரேக், 18 அங்குல மெக்னீசிய வீல், பின்னால் ஒரு கம்பி வலை. தொடக்கத்தில் கிட்டின் சாமான்கள் தனியாக வந்து இறங்க, டீலர்களே மாட்டிக் கொடுத்தார்கள். அதனால் பதிவுத் தாளோடு உள்ள 355 சேலஞ்ச் இன்றைக்கும் தேடினால் கிடைக்கும் (பதிவே ஆகாமல் நேராகப் பந்தயத்துக்குப் போனவையும் உண்டு, கவனம்). 360 சேலஞ்ச் அப்படி இல்லை. தொழிற்சாலையிலிருந்தே பந்தயக் காராகத்தான் வெளியே வருகிறது, சாலையில் அதற்கு இடமே இல்லை.

"அதனால் என்ன, எப்படியும் டிராக்கில்தானே ஓட்டப் போகிறோம்" என்றார் பங்காளி. நானும் அப்படித்தான் நினைத்தேன். இத்தாலியில் மோடெனா பக்கம் இரண்டு காரையும் ஒரே வார இறுதியில் போய்ப் பார்க்கும்வரை.

சனிக்கிழமை 360. சுத்தமான கார், அருமையான மனிதர். பிளாஸ்டிக் உறையை எடுத்து, பேட்டரி மாட்டி, கிளப்பிக் காட்டினார். முற்றத்தில் இருபது மீட்டர் முன்னால் போனோம், இருபது மீட்டர் பின்னால் வந்தோம். முடிந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு அடி வைக்க முடியாது. கடைசியாக எப்போது ஓடியது என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்தார், போன வருஷம் ஆறு நாள் ஓட்டத் திட்டம் போட்டு இரண்டு நாள்தான் ஓட்ட முடிந்ததாம். ஒரு முறை மழை, ஒரு முறை டிரெய்லர் கிடைக்கவில்லை, மற்ற இரண்டுக்கும் காரணம் அவருக்கே ஞாபகமில்லை.

திரும்பி வரும் வழியில் நான் ஒரு கணக்கு போட ஆரம்பித்தேன், இந்த முறை ரூபாயோ யூரோவோ இல்லை, நாள் கணக்கு. அந்தக் காரை ஒரு தடவை சூடாக்க என்னென்ன வேண்டும்? ஒரு டிரெய்லர். அதை இழுக்க ஒரு பெரிய கார். ஜெர்மனியில் அந்த எடையை இழுக்கச் சாதாரண லைசன்ஸ் போதாது, தனி வகை லைசன்ஸ் எடுக்க வேண்டும், அது எங்கள் இருவரிடமும் இல்லை. ஆட்டோபானில் டிரெய்லரோடு 80-தான், வண்டிக்குத் தனி அனுமதி வாங்கினால் 100. ஃபெராரி வாங்கிவிட்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போவது! மாதக்கணக்கில் முன்பதிவு செய்த டிராக் நாள், அந்த நாளில் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வரக் கூடாது, அலுவலகத்தில் தலை போகிற வேலை வரக் கூடாது. இவ்வளவும் கூடி வந்தால் கார் ஓடும். வராவிட்டால் நிற்கும்.

நிற்பதுதான் செலவு. ஓடாத காரில் சீல்கள் காயும், பிரேக் எண்ணெய் ஈரம் இழுக்கும், பெட்ரோல் பழசாகும், 360-ன் கியரை மாற்றும் ஹைட்ராலிக் அமைப்பு சும்மா கிடப்பதை அவ்வளவாக விரும்பாது. இன்னொன்று, எனக்கு ஒரு மெக்கானிக் சொல்லித்தான் தெரியும்: அந்தக் கிளட்சை அதிகம் தின்பது வேகம் இல்லையாம், மெதுவாக நகர்த்துவதுதான். முற்றத்தில் முன்னும் பின்னும் நகர்த்துவது, சரிவுப் பலகையில் இஞ்ச் இஞ்சாக டிரெய்லர் மேல் ஏற்றுவது. வின்ச் (கம்பிக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் பொறி) போட்டு இழுத்து ஏற்றுங்கள் என்றார். சரி, அந்தச் சாமானும் பட்டியலில் சேர்ந்தது. இதற்கு மேல் பந்தயக் காரில் நாள் குறித்த பொருள்கள் இருக்கின்றன, இருக்கைப் பட்டைக்கு ஐந்து வருஷம், அதற்குப் பிறகு அது புதுசாகவே இருந்தாலும் பந்தயச் சோதனையில் செல்லாது. மருந்துக் கடையில் தேதி பார்ப்பது போல.

ஞாயிற்றுக்கிழமை 355. விற்பவர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் ஏறிக் கேஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஃபெராரியின் ஊரான மரனெல்லோவைத் தாண்டி செர்ரமஸ்ஸோனிக்குப் போகும் மலைச்சாலையில் ஏறினோம். மேலே ஒரு சதுக்கத்தில் நிறுத்தி காபி குடித்தோம், இறங்கி வந்தோம். ஒரு மணி நேரம். எண்ணெய் நன்றாகச் சூடானது, ஆறு கியரும் தெரிந்தது, மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு வரும்போது லேசாக முரண்டு பிடித்ததும் தெரிந்தது, குளிர்ந்த நிலையில் எல்லா 355-லும் அப்படித்தான் என்றார்கள். காரைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியதைக் காரே சொல்லியது. 360-ல் நாற்பது மீட்டரில் என்ன தெரிந்துகொண்டிருப்போம்? பங்காளி பின்னால் வாடகை ஃபியட்டில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அதற்கு மேல் அந்தத் தாளை அவர் எடுக்கவில்லை.

அதற்காக 355-ஐக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். சாலைக் காராகப் பிறந்தது என்ற அதே காரணத்தால்தான் இதில் போலியும் சுலபம். பின்னால் உள்ள கம்பி வலை சாதாரண 355-க்கும் மாட்டக் கிடைத்த பொருள், கேஜையும் பிரேக்கையும் தேடிப் பிடித்து மாட்டினால் பார்ப்பதற்கு சேலஞ்ச் தயார். அசல் சேலஞ்ச் நூற்றுச் சொச்சம்தான். எங்களுக்கே முதலில் ஒருவர், பெயர் வேண்டாம், "எல்லாம் அசல்" என்று சொல்லி ஒரு காரைக் காட்டினார், கேஜின் போல்ட்டுகள் நேற்று வாங்கியது போல மின்னின. சேஸி எண்ணை வைத்துப் பழைய காகிதம், எந்தப் பந்தயத்தில் யார் ஓட்டினார்கள் என்ற விவரம், முடிந்தால் ஃபெராரியின் பழைய கார்களைக் கவனிக்கும் கிளாசிக்கே பிரிவு தரும் சான்று, இவை இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 360 சேலஞ்சில் இந்தத் தலைவலி குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் பதிவு செய்வதாக இருந்தால் கேஜ் உட்பட ஒவ்வொரு மாற்றமும் தாளில் ஏற வேண்டும், அதற்கு எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. 1995 கார் என்றால் இப்போது முப்பது வயது, பழங்கால வாகனத்துக்கான எச் பிளேட் கிடைக்கும், வருஷ வரி 191 யூரோ சொச்சத்தோடு நின்றுவிடும். சின்ன சந்தோஷம்தான்.

திரும்ப விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்கு: கையால் கியர் போடும் கார் செய்வதை ஃபெராரி நிறுத்திப் பல வருஷம் ஆகிறது, அதனால் 355-க்குத் தேவை குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நான் இதுவரை ஒரு காரைக்கூட லாபத்துக்கு விற்றவன் இல்லை, என் பேச்சை நம்பி இறங்காதீர்கள். உங்கள் வீடு டிராக்குக்குப் பக்கத்தில், டிரெய்லர் உண்டு, உதவிக்கு ஆள் உண்டு, நேரத்தை ஸ்டாப் வாட்சில் பார்க்கும் ஆசை உண்டு என்றால் 360-ஐ வாங்குங்கள், அந்தக் காசுக்கு அவ்வளவு அசல் பந்தயக் கார் வேறு கிடைக்குமா என்பது சந்தேகம். என் நிலைமை அது இல்லை. எனக்கு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, எல்லோரும் எழுவதற்கு முன்னால், இரண்டு மணி நேரம் கிடைக்கும். அதற்குள் கிளம்பிப் போய்த் திரும்பி வர முடிகிற கார்தான் என்னிடம் உயிரோடு இருக்கும். போன வருஷம் ஒரு முறை இதிலேயே பிரென்னர் கணவாயைத் தாண்டி, அறுநூறு கிலோமீட்டர் சொச்சம் ஓட்டி இத்தாலியின் முஜெல்லோ டிராக்குக்குப் போனோம். ஏசி அணைந்தே இருந்தது, காது இரண்டு நாள் ரீங்காரமிட்டது. அங்கே போய் டிராக்கில் ஓட்டிவிட்டு அதே காரில் வீட்டுக்கும் வந்தோம்.

ஊரில் சித்தப்பா வீடியோவில் என்ஜின் தள்ளுவண்டியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்குத் தோப்போடு ஒரு வீடு வாங்கியிருக்கலாமே தம்பி, அதில் இப்படி எதையும் கழற்ற வேண்டியதில்லை" என்றார். பதில் சொல்லவில்லை. என்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்சையும் குழாய்களையும் பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன், மறுபடி இறக்க இன்னும் நான்கு வருஷம் ஆகுமே. வியாழக்கிழமை மேலே ஏற்றுகிறார்களாம். சனிக்கிழமை மழை இல்லை என்கிறது வானிலை.