மைலேஜ் கூட்டும் எர்த் கிட்: காசையும் குடுத்து வண்டியையும் கெடுத்துக்காதீங்க

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சில கார் ஆக்சசரீஸ் கடைகளில் "எஞ்சின் எர்த் கிட்" என்று, எஞ்சினையும் பாடியையும் பேட்டரி நெகட்டிவோடு இணைக்கும் ஒயர் செட் ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். சிவப்பும் நீலமுமாக அஞ்சு ஒயர், ரெண்டு முனையிலும் தங்க நிறத்தில் மின்னும் லக் (போல்ட்டில் மாட்டும் வளைய முனை), பேட்டரி பக்கம் ஒரு பித்தளைக் கட்டை. "கம்பெனி செட்டுன்னா வெல ஜாஸ்திங்கண்ணா, இது நாங்களே கையில பண்றது. மாட்டிட்டீங்கன்னா லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் சேத்திக் குடுக்குமுங்க, லைட்டும் பளிச்சுனு எரியும்" என்பார்கள். ஜப்பானில் 2000-ஐ ஒட்டி 'எர்த்திங்' என்று கிளம்பிய மோகம்தான் இங்கே கைவேலைச் சரக்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படி மாட்டிய ஒரு பழைய டீசல் கார் பெருந்துறை பக்கத்தில் செல்ஃப் எடுக்காமல் நின்றது. கிட்டுக்கு வாங்கியது 3,500 ரூபாய். பேட்டரி போச்சு என்று சொல்லி அதே கடை புது பேட்டரியையும் தலையில் கட்டியது. புது பேட்டரியிலும் செல்ஃப் அதே மாதிரி முனகியது. பானெட்டைத் திறந்து ஒவ்வொன்றாகக் கழற்றியபோதுதான் வேலையின் லட்சணம் தெரிந்தது.

கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு வரும் கம்பெனி எர்த் பட்டையை "பழசு, துரு" என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்ய மிச்சம் இருந்தது கிட் ஒயர் மட்டும். அதை வெட்டிப் பார்த்தால் வெளியே சுண்டு விரல் தடிமன், உள்ளே பாதிக்கு மேல் வெறும் பிளாஸ்டிக். நடுவில் இருந்த கம்பி மேலாகச் சிவப்பு. பிளேடால் சுரண்டினால் வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். லக்கைக் கட்டிங் பிளேயரால் நசுக்கியிருந்தார்கள், கையால் இழுத்ததும் கழன்று வந்தது. பாடி பக்கம் போல்ட்டை பெயிண்ட் மேலேயே முடுக்கியிருந்தார்கள். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.9 வோல்ட் காட்டியது. கம்பெனிப் பட்டைக்கு ஈடான ஒன்றைப் போட்டதும் அது 0.15-க்கு இறங்கியது. முதல் பேட்டரியில் ஒரு குறையும் இல்லை.

இந்த வியாபாரம் எப்படி ஓடுகிறது என்றால், கடையில் காட்டும் டெமோவில்தான் சூட்சுமம். ஒயர் மாட்டுவதற்கு முன் எஞ்சினை நிறுத்திவிட்டு ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டுவார்கள். அப்போது பேட்டரியில் 12.4 வோல்ட் வாக்கில் இருக்கும். மாட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் காட்டுவார்கள். இப்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுக்கிறது. லைட் பளிச்சென்று எரியாமல் என்ன செய்யும்? இரண்டாவது வித்தை இன்னும் நைசானது. வேலைக்காக பேட்டரியைக் கழற்றும்போது பல வண்டிகளில் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. அதுவரை கற்று வைத்திருந்த எரிபொருள் திருத்தங்களும் ஐடில் அளவுகளும் அழிந்துபோகும். திரும்ப மாட்டி ஓட்டினால் கொஞ்ச தூரத்துக்கு ஆக்சிலேட்டர் வேறு மாதிரி இருக்கும். அதை "பிக்கப் ஏறிடுச்சு" என்று நம்பி ஓனர் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். நாலு நாளில் ஈ.சி.யூ. பழையபடி கற்றுக்கொள்ளும், பிக்கப்பும் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

கூடவே சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் "வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசர்" டப்பாவையும் விற்பார்கள். உள்ளே ஒரு எல்.இ.டி., ரெண்டு சின்ன கப்பாசிட்டர். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

எர்த் ஒயரே பொய்யா என்றால், இல்லை. பாசிட்டிவில் போகும் கரண்ட் முழுக்க நெகட்டிவ் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். செல்ஃப் மோட்டார் எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ பூட்டியிருக்கிறது. எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டில். ஆகவே அதன் எர்த்துக்கு ஒயரோ பின்னல் பட்டையோ தவிர நேர்வழி கிடையாது. பத்து வருஷம் ஓடிய வண்டியில் அந்தப் பட்டையின் இழைகள் பச்சை பூத்து, போல்ட்டடியில் துரு ஏறி, தடை கூடியிருக்கும். அப்போது செல்ஃப் மெதுவாகச் சுற்றும். ஹெட்லைட் போட்டதும் பழைய வண்டிகளில் டெம்பரேச்சர் முள் நகரும், ஏனென்றால் ஒற்றை ஒயர் சென்சாருக்கு எஞ்சின் பாடிதான் எர்த். பட்டை அறுந்தே போயிருந்தால் செல்ஃப் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் அடிக்கடி இறுகுகிறது, உறை உருகியிருக்கிறது என்று கேபிளை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கும் மாருதி 800, ஆம்னிக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் எர்த்தை. அதைச் சரி செய்தால் வண்டி நன்றாக ஓடும். ஆனால் அது ரிப்பேர். எர்த் சரியாக இருக்கிற வண்டிக்கு ஒன்பது ஒயர் சேர்த்தாலும் மைலேஜ் ஏறாது.

உங்கள் வண்டிக்குத் தேவையா என்று பார்க்க ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள், 2 வோல்ட் ரேஞ்ச் இருந்தால் இன்னும் நல்லது. கருப்பு ஒயரைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கட்டையிலேயே அழுத்துங்கள். கிளாம்ப் மேல் வைத்தால் கிளாம்புக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் கோளாறு தெரியாது. சிவப்பு ஒயரை எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் வைத்து, ஒரு ஆள் செல்ஃப் அடிக்கட்டும். பெட்ரோல் வண்டியில் ஃப்யூல் பம்ப் ரிலேயைக் கழற்றிவிட்டால் ஸ்டார்ட் ஆகாமல் சுற்றும். அஞ்சு வினாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது, வேலையை அதோடு விட்டுவிடுங்கள். 0.5-ஐத் தாண்டினால் கோளாறு உறுதி. அடுத்து எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட், ஏ.சி., பின்கண்ணாடி டீஃபாகர் எல்லாவற்றையும் போட்டு, நெகட்டிவ் கட்டைக்கும் பாடிக்கும், நெகட்டிவ் கட்டைக்கும் பிளாக்குக்கும் அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. கிட் விற்பவரிடம் இந்த அளவை மாட்டும் முன்பும் பின்பும் எடுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அளவு மோசமாக வந்தாலும் உடனே ஒயர் வாங்க ஓட வேண்டாம். இருக்கிற பட்டையைக் கழற்றி, ரெண்டு முனையையும் போல்ட் உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, திரும்ப முடுக்கி மறுபடி அளக்க வேண்டும். பாதி வண்டிகள் இதிலேயே தேறிவிடும். தேறாவிட்டால் லாரி, டிராக்டர் எலெக்ட்ரிக்கல் கடையில் லக்கோடு ரெடிமேடாகக் கிடைக்கும் பின்னல் செம்புப் பட்டையை வாங்கிப் போடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, வேலை செய்யும்.

சொந்தமாகச் செய்பவர்களுக்கு 16 ஸ்கொயர் எம்.எம். (உள்ளே இருக்கும் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு) வெல்டிங் கேபிள் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்குப் போதும், டீசலுக்கு 25. அசல் செம்பில் 16-க்கு மீட்டருக்கு சுமார் 1.2 மில்லிஓம் தடை. 150 ஆம்பியர் செல்ஃப் கரண்டில் ஒரு மீட்டருக்கு 0.18 வோல்ட் விழும். அரை மீட்டரில் முடித்தால் 0.09. கிட் ஒயருக்குள் இருப்பது போன்ற 6 ஸ்கொயர் என்றால் செம்பாகவே இருந்தாலும் மீட்டருக்கு 0.5 வோல்ட் போய்விடும். முலாம் பூசிய அலுமினியத்தில் அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். மோட்டார் ரூமில் மிச்சம் கிடக்கும் சப்மெர்சிபிள் ஃபிளாட் கேபிளை மூணு கோரையும் சேர்த்து முறுக்கிப் போடும் பழக்கம் நம்மூரில் உண்டு. செம்பு நல்ல செம்புதான், ஆனால் அந்த பி.வி.சி. உறை சைலன்சர் மேனிஃபோல்டு பக்கத்துச் சூட்டுக்குத் தாங்காது. வெல்டிங் கேபிளின் ரப்பர் உறை தாங்கும், இழை மெல்லிசாக இருப்பதால் எஞ்சின் ஆட்டத்துக்கும் வளைந்து கொடுக்கும்.

வாங்கும்போதே செம்பா என்று பார்த்துவிடுங்கள். ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்ட வேண்டும். உள்ளும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் ஈயம் பூசிய செம்பு, அதுவும் நல்லதே. வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எடையும் காட்டிக் கொடுக்கும்: 16 ஸ்கொயர் செம்பில் ஒரு மீட்டர் கம்பி மட்டுமே கிட்டத்தட்ட 140 கிராம் வரும், போலியில் அதில் பாதி கூடத் தேறாது. அலுமினியம் லக்குக்குள் நாளடைவில் அமுங்கித் தளர்ந்துவிடும், பேட்டரி ஆசிட் ஆவி பட்டால் வெட்டுமுனையில் வெள்ளையாகப் பொடி பூக்கும், அதிர்வில் இழை இழையாக ஒடியும்.

மூணு ஒயர் போதும். நெகட்டிவிலிருந்து பாடிக்கு ஒன்று, நெகட்டிவிலிருந்து கியர்பாக்ஸ் அல்லது பிளாக்குக்கு ஒன்று, எஞ்சின் ஹெட்டிலிருந்து ஃபயர்வாலுக்கு ஒன்று. கம்பெனி ஒயரைக் கழற்றாமல் அதற்குத் துணையாகவே போட வேண்டும். நூலால் வழியை அளந்து, எஞ்சின் ஆட 5 சென்டிமீட்டர் தொய்வு விட்டு வெட்டுங்கள். லக்கில் 16-8 என்று அடித்திருந்தால் 16 ஸ்கொயர் ஒயருக்கு, 8 எம்.எம். போல்ட்டுக்கு. எந்த ஊரிலும் இருக்கும் மோட்டார் ரீவைண்டிங் கடையில் ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் வைத்திருப்பார்கள், அறுகோண டையில் அழுத்தித் தரச் சொல்லுங்கள். அழுத்தியதும் லக்கை வைஸில் பிடித்து ஒயரை முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். ஈயம் வைத்துப் பற்றவைப்பது வேண்டாம். ஈயம் ஏறிய இடம் விறைத்து, அது முடியும் இடத்தில் ஒயர் ஒடியும். லக்கை அழுத்திய இடத்துக்கு மேல், சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள்.

பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். லக் உட்காரும் இடத்தில் பெயிண்டை வட்டமாகச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முடுக்கி, அதற்குப் பிறகு மேலே வாசலின் தடவுங்கள். அலுமினிய ஹெட்டில் 6 எம்.எம். போல்ட்டை ஆள் பலத்தில் முடுக்கினால் மரை வழித்துக்கொள்ளும், கவனம்.

எந்த போல்ட்டை எடுக்கிறார்கள் என்பதில்தான் கடைக்காரப் பையன்கள் அதிகம் கெடுக்கிறார்கள். கைக்கு எட்டுகிற போல்ட் என்று டாப்பெட் கவர் போல்ட்டில் லக்கைச் சொருகுவார்கள், ஆயில் கசியும். திராட்டில் பாடி போல்ட்டில் போட்டால் காற்று இழுத்து ஐடில் ஆடும். இன்ஜெக்டர் ரெயில் போல்ட்டில் கை வைத்தால் எரிபொருள் கசிந்து தீப்பிடிக்கும் ஆபத்து. ஷாக் அப்சர்பர் மேல் நட், ஏர்பேக் சென்சார் எர்த், ஈ.சி.யூ. ஒயரிங்கில் வரும் சென்சார் எர்த் இவை எதையும் தொடவே கூடாது. சென்சார் எர்த்தைப் பாடியோடு சேர்த்தால் செல்ஃப், ஃபேன் கரண்ட் அந்த வழியிலும் பாய்ந்து ரீடிங் தப்பாகும், செக் லைட் எரியும். காலியாக மரை போட்ட துளை கியர்பாக்ஸிலும் ஹெட்டிலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு இருக்கும், தேடினால் அகப்படும்.

ஸ்டார்ட்-ஸ்டாப், மைல்டு ஹைப்ரிட் வண்டிக்காரர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பல மாடல்களில் நெகட்டிவ் கிளாம்பிலேயே ஒரு சின்ன பிளாஸ்டிக் கட்டையும் மெல்லிய ஒயர் பிளக்கும் தொங்கும். அது பேட்டரி சென்சார். உள்ளே வெளியே போகும் கரண்ட்டை எல்லாம் அது எண்ணிக்கொண்டிருக்கிறது. கிட் ஒயரை நேராக பேட்டரி கட்டையில் கட்டினால் கரண்ட் சென்சாரைச் சுற்றிக்கொண்டு போகும், கணக்கு தப்பும், ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது, சார்ஜிங் குழம்பும். அப்படிப்பட்ட வண்டியில் எந்த எர்த்தும் சென்சாருக்குப் பாடி பக்கத்தில்தான் வர வேண்டும். வாரண்டி ஓடுகிற வண்டி என்றால் இந்த வேலையே வேண்டாம், எலெக்ட்ரிக்கல் கோளாறு எது வந்தாலும் வெளி ஒயரைக் காட்டி சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிடுவார்கள்.

ஏற்கெனவே மாட்டி ஏமாந்தவர்கள் கிட்டைக் கழற்றியதும் முதலில் கம்பெனிப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் வண்டியை எடுக்க வேண்டாம், மெல்லிய ஒயரில் செல்ஃப் கரண்ட் பாய்ந்தால் உறை உருகிப் பற்றிக்கொள்ளும். பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். கடைக்காரர் மசியவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்டக் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம், 2 வருஷத்துக்குள் போட வேண்டும். பில் கொடுக்காத கடை என்றால் ஜிபே ரசீதும் "மைலேஜ் ஏறும்" என்று அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜும் கைகொடுக்கும். கழற்றிய ஒயரைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். ஒரு முனையை வெட்டி உள்ளே வெள்ளைக் கம்பி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்திருங்கள்.