உவர்மலையில ஒரு கவுன்சிலிங் இடம்: 11 தரம் போய் வந்த பிறகு என்ட ரிவியூ

சாப்பாட்டுக் கடைக்கும் ஃபோன் கவருக்கும் ரிவியூ எழுதுற மாதிரி இதுக்கும் எழுதலாமோ எண்டு யோசிச்சே ரெண்டு கிழமை போயிட்டுது. இடத்தின்ட பேர நான் போடேல்ல. ஒரு அறையும் வெளியில ஒரு வாங்கும் மட்டும் இருக்கிற சின்ன இடம், பேர் போட்டா நாளைக்கே சனம் அந்த வாங்கில ஆர் இருக்கினம் எண்டு எட்டிப் பார்க்கும். திருகோணமலைக்குள்ள எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்தானே. உவர்மலைப் பக்கம், கீழ டியூசன் கிளாஸ், மேல மாடியில இது, அவ்வளவும் போதும்.

என்ட கத இதுதான். என்.சி. ரோட்டில ஃபோன் திருத்துற கடை வச்சிருக்கிறன், ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவப் பார்க்க ஆலங்கேணிக்குப் போறனான். போன வருசம் ஒரு ஞாயிறு பஸ் கிண்ணியாப் பாலத்தில ஏறினதுதான் தெரியும், நெஞ்சு அடைக்குது, கை ரெண்டும் விறைக்குது, காதுக்குள்ள கூ எண்டு சத்தம், செத்துப்போகப் போறன் எண்டு முடிவே எடுத்திட்டன். பக்கத்தில இருந்த ஐயாட கையப் பிடிச்ச பிடியில அவருக்கு நகக்கீறல். ஆஸ்பத்திரிக்கு ஓடி ஈசிஜி எடுத்தா ஒண்டும் இல்ல. பிறகும் ரெண்டு தரம் அதே மாதிரி வந்து, அதே ஈசிஜி, அதே நோர்மல். மூண்டாவது தரம் டொக்டர் சிரிக்காம சொன்னார், தம்பி உங்கட இதயம் என்டத விட நல்லா இருக்கு, நீங்க மனநலக் கிளினிக் பக்கம் ஒருக்கா போங்க எண்டு. எனக்கு வந்த கோபம், எனக்கென்ன விசரோ எண்டு கேட்டுப்போட்டு வந்திட்டன். (பிறகு போய் சொறி சொன்னன், அத அவர் மறந்தும் போயிட்டார்.)

உடன இங்க வரேல்ல. முதல் வேற ஒரு இடத்துக்குப் போனன். அங்க இருந்த சேர் இருபது நிமிசம் அவரே கதைச்சார், ஆம்பிளப் பிள்ள தைரியமா இருக்கோணும், காலையில எழும்பி நடக்கோணும், பொசிட்டிவா யோசிக்கோணும், எல்லாம் என்ட மாமா காசு வாங்காமச் சொல்றதுதான். மாமி வேற பத்திரகாளி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் நூல் கட்டிவிட்டா. நூல் கட்டின கிழமை வரேல்ல, அடுத்த கிழமை பாலத்தில திரும்ப வந்திட்டுது. அதோட பஸ்ஸ விட்டிட்டன். அம்மா கோல் எடுத்தா கடையில வேலை கூட எண்டு பொய்.

இந்த இடத்த ஒரு கஸ்டமர்தான் சொன்னவர், டிஸ்ப்ளே மாத்த வந்த ஆள். முதல் நாள் கவுன்சிலிங் செய்யிற மிஸ் கேட்ட முதல் விசயமே, இங்க கதைக்கிறது வெளியில போகாது, உங்கட உயிருக்கோ வேற ஆள்ட உயிருக்கோ ஆபத்து எண்டா மட்டும் நான் வேற ஆக்களோட கதைக்க வேண்டி வரும், இது சரியா எண்டுதான். பிறகு முக்கால்வாசி நேரம் நான்தான் கதைச்சன். அட்வைஸ் ஒண்டும் தரேல்ல. எனக்கு முதல்ல ஏமாற்றமா இருந்திச்சு, 2500 ரூபா குடுத்து நானே கதைக்கிறதோ எண்டு.

ரெண்டாவது தரம்தான் விசயம் விளங்கினது. ஒரு கடதாசியில வட்டம் கீறினாங்க. உடம்பில சின்னதா ஒரு படபடப்பு வருது, வெயிலாலயும் இருக்கலாம், குடிச்ச பிளேன்டீயாலயும் இருக்கலாம், அத நான் ஹார்ட் அட்டாக் எண்டு நினைக்கிறன், நினைச்ச உடன பயம், பயந்தா உடம்பு அட்ரினலின விடும், அதால இன்னும் படபடப்பு, அதப் பார்த்து இன்னும் பயம். வட்டம் சுத்திக்கொண்டே இருக்கு. வீட்ட வந்து தேடி வாசிச்சன், 1986ல டேவிட் கிளார்க் எண்ட இங்கிலாந்து உளவியலாளர்தான் 'பனிக் அட்டாக்' எண்டுற இந்தத் திடீர்ப் பயத்த இப்பிடி விளங்கப்படுத்தி எழுதினவராம். அட்ரினலினும் நிக்காம ஊத்திக்கொண்டு இருக்க ஏலாதாம், கொஞ்ச நிமிசத்தில உச்சத்துக்குப் போய் தானா இறங்கும், நாங்க அது இறங்க முதல் ஓடிப்போறதாலதான் இறங்கும் எண்டே தெரியாமப் போகுது. சேர்க்கிட் போர்ட்ட பார்க்கிற எனக்கு இந்த வட்டம் டக்கெண்டு பிடிச்சுது. எங்க ஷோர்ட் எண்டு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

மிச்சப் பாதிதான் கஷ்டம். வேணுமெண்டே அந்தப் படபடப்ப வரவழைக்கச் சொல்லுவாங்க. மூக்கப் பொத்திக்கொண்டு நெக்டோ குடிக்கிற ஸ்ட்ரோவால ஒரு நிமிசம் மூச்சு எடுக்கோணும். கதிரையில சுத்தோணும், மிஸ்ஸும் தன்ட கதிரையில சுத்தினாங்க, ரெண்டு பேருக்கும் தலை சுத்தி நான் சிரிச்சன், நாலு மாசத்தில அதுதான் நான் சத்தமாச் சிரிச்ச முதல் தரம். ஹோம்வேர்க்கா கோட்டை வாசல்ல இருந்து கோணேசர் கோயில் மட்டும் நிக்காம ஓடி ஏறச் சொன்னாங்க. பின்னேரம் அஞ்சு மணி வெயில், நான் சாரத்த மடிச்சுக் கட்டிக்கொண்டு ஓடுறன், கோட்டை மான் ஒண்டு வாயில ஷொப்பிங் பேக்கோட நிண்டு என்னப் பார்க்குது. மேல போய்ச் சேரக்குள்ள நெஞ்சு மேளம் மாதிரி அடிக்குது. அதே அடி, பாலத்தில வந்த அதே அடி. மதில்ல கைய வச்சு மணிக்கூட்டப் பார்த்துக்கொண்டு நிண்டன், நாலு நிமிசத்தில அடங்கிட்டுது. கச்சான் வாங்கித் திண்டுகொண்டு இறங்கினன்.

நாலாவது தரம் நடந்தத எழுதோணுமோ எண்டு தெரியேல்ல, ஆனா அத விட்டா ரிவியூவே பொய்யாப் போயிரும். மிஸ் சாதாரணமா ஒரு கேள்வி கேட்டாங்க, அந்தப் பாலம் கட்ட முதல் அந்த இடத்தில என்ன இருந்திச்சு? பாலம் திறந்தது 2009ல, அதுக்கு முதல் பாதைதான். வெளியூர் ஆக்களுக்கு விளங்காது, பாதை எண்டா பஸ், வேன், ஆடு, ஆக்கள் எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு தண்ணியக் கடக்கிற மிதவை. இதச் சொல்லிக்கொண்டு வரக்குள்ள என்ட குரல் நிண்டுபோச்சு. அப்பாக்கு நெஞ்சு நோ வந்தது 2005ல ஒரு ராத்திரி. உழவு மெசின்ல ஏத்திக்கொண்டு துறைக்கு வந்தம், விடிஞ்சாத்தான் பாதை எண்டாங்க. அவர் என்ட சேர்ட்டின்ட கைய விடாமப் பிடிச்சிருந்தார். விடிஞ்சுது, பாதை வந்தது, அவர் இல்ல. செத்த வீட்டில ஆரோ ஒரு ஆள் சொன்னது இப்பவும் காதில கிடக்கு, ஒரு டிஸ்பிரின் (அஸ்பிரின் குளிசை) குடுத்திருந்தா மனிசன் தப்பியிருப்பான் எண்டு.

நான் அப்ப சேர்ட் பொக்கெட்டுக்குள்ள எப்பவும் டிஸ்பிரின் கார்ட் ஒண்டு கொண்டு திரிஞ்சனான். மிஸ்ஸுக்கு அது தெரியும், முதல் நாளே எழுதி வச்சவங்க. பஸ்ஸில கதவுப் பக்க சீற், கையில தண்ணிப் போத்தல், மனுசிக்கு நிமிசத்துக்கு ஒரு மெசேஜ், பயத்துக்குத் துணையா நான் வச்சிருந்த இந்த லிஸ்டில அதுவும் ஒண்டு. ஆனா நான் ஏன் கொண்டு திரியிறன் எண்டு எனக்கே அண்டைக்குத்தான் தெரிஞ்சுது. அழுதன். ரிஷூப் பெட்டிய நீட்டிப்போட்டு அவங்க சும்மா இருந்தாங்க, அழாதீங்க எண்டு சொல்லேல்ல. என்ட குடும்பத்தில ஆரும் அப்பிடி சும்மா இருந்ததில்ல, உடன தேத்தண்ணி போடுவினம். அப்பாவப் பற்றி பிறகு மூண்டு தரம் கதைச்சம், அதையெல்லாம் இங்க எழுத மாட்டன்.

யாழ்ப்பாணத்து மனநல டொக்டர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் மாதிரி ஆக்கள் எங்கட சனத்த பற்றி எழுதினதப் பிறகு கொஞ்சம் வாசிச்சன், எங்கட ஆக்கள் மனசு நோகுதெண்டு சொல்லாயினம், நெஞ்சு எரியுது, தலை இடிக்குது, உடம்பு உளையுது எண்டுதான் வருவினமாம். நான் மூண்டு ஈசிஜியோட போனனே. நூலையும் மிஸ் கழட்டச் சொல்லேல்ல, அது இருக்கட்டும், ஓடுறத மட்டும் விடாதீங்க எண்டாங்க. மாமிக்கு இதால மிஸ்ஸ நல்லாப் பிடிச்சிட்டுது.

குறையும் சொல்லோணும். சுவர் பலகைச் சுவர், வாங்கில இருந்தா உள்ளுக்குள்ள கதைக்கிறது முணுமுணு எண்டு கேட்கும், சொல்லு விளங்காதுதான், ஆனா அழுதா விளங்கும். நான் சொன்ன பிறகு கதவடியில ஒரு ஃபேன் வச்சிருக்கினம், அந்தச் சத்தத்தில ஒண்டும் கேட்காது, கரண்ட் போனா திரும்ப எல்லாம் கேட்கும். ரெண்டு தரம் வெளிக்கிட்டு நிக்கக்குள்ள கேன்சல் எண்டு மெசேஜ் வந்தது. பணமும் எல்லாருக்கும் ஏலாது, குறைக்கச் சொல்லிக் கேட்டா குறைப்பாங்களாம், ஆனா கேட்க வெட்கப்படுற ஆக்கள்தான் எங்கட ஊரில கூட. காசு இல்லாட்டி ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக் இலவசம், பிரதேச செயலகத்திலயும் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாங்க. மருந்து தேவை எண்டா டொக்டரிட்டத்தான் போகோணும், மிஸ்ஸால எழுதித்தர ஏலாது. ராத்திரியில ஒரேயடியாத் தாங்க ஏலாமப் போனா 1926க்கு அடிக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின்ட 24 மணிநேர லைன்.

இப்ப எப்பிடி எண்டு கேட்டா, ஞாயிறு ஞாயிறு போறன். பாலத்தில இன்னும் சில நாள் நெஞ்சு கொஞ்சம் கூட அடிக்கும், அடிக்கட்டும் எண்டு கடலப் பார்த்துக்கொண்டு இருப்பன், கதவுப் பக்க சீற் இல்ல, நடு சீற். டிஸ்பிரின் கார்ட் கடை லாச்சிக்குள்ள ஸ்குரூக்களோட கிடக்கு.

இடம் எங்க எண்டு வேணுமெண்டா இன்பொக்ஸுக்கு வாங்க, சொல்றன். ரெண்டரை மணிக்கு மட்டும் அப்பொயின்ட்மென்ட் எடுக்காதீங்க, அந்த நேரம் கீழ டியூசன் விடும், படியில அம்பது பிள்ளைகள், அதில ரெண்டாவது உங்கட சொந்தக்காரப் பிள்ளையா இருக்கும்.