மூன்று வருடம், ஒரு கடிகாரம், ஒரு ரசமட்டம்

பாரோமீட்டர் உள்ள ஜிபிஎஸ் கடிகாரம் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வேகம், இதயத் துடிப்பு, பேட்டரி பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதில் வரும் ஒரே ஒரு எண்ணைப் பற்றி: ஏற்றம் எத்தனை சதவீதம்.

முதலில் என் அறியாமை. டிரெட்மில்லை 10-இல் வைத்துவிட்டு, 10 டிகிரி மேட்டில் ஓடுகிறேன் என்று ரொம்ப நாள் பீற்றிக்கொண்டிருந்தேன். அது டிகிரி இல்லை, சதவீதம். 100 மீட்டர் முன்னே போவதற்குள் 10 மீட்டர் மேலே ஏறுவது. கோணமாகப் பார்த்தால் 5.7 டிகிரிதான். 100 சதவீதம் என்பதும் செங்குத்துச் சுவர் இல்லை, 45 டிகிரி. குளியலறைத் தளம் போடும் கொத்தனார் ‘வாட்டம்’ என்று சொல்வதும் இதே கணக்குதான்: இத்தனை அடிக்கு இத்தனை அங்குலம் இறக்கம்.

சென்னையில் மேடு ஏது? எங்களுக்கு மேம்பாலம்தான் மலை. பழைய போன் செயலியில் பாலத்தின் மேல் பத்து முறை ஏறி இறங்கினாலும் ஏற்றம் சுழிதான். உயரத்தை அது வரைபடத் தரவிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தத் தரவில் இருப்பது பாலத்துக்கு அடியில் உள்ள தரை. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும்; கடிகாரம் அதைப் பார்ப்பதால் பாலத்தைப் பிடித்துவிட்டது, 3 சதவீதத்துக்குச் சற்று மேல். சமவெளிச் சாலைக்கு, சாலை விதிமுறைகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பு வைத்திருக்கும் வழக்கமான சரிவும் 30-க்கு 1, அதாவது 3.3 சதவீதம். கொடுத்த காசு வீண் இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

அப்புறம் மழைக்காலம் வந்தது. கடல்மட்டத்தை ஒட்டிய இடத்தில் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், கடிகாரம் அதை 8 மீட்டர் ஏறியதாக எடுத்துக்கொள்ளும். புயல் சின்னம் உருவாகியிருந்த ஒரு காலையில் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு, புறப்பட்ட வாசலுக்கே திரும்பி வந்தேன். கிளம்பியதைவிட 17 மீட்டர் மேலே நிற்பதாகக் காட்டியது! வியர்வை உப்பு சென்சார் துளையை அடைத்துக்கொண்டாலும் எண் தாறுமாறாகக் குதிக்கும். ஓடி முடித்ததும் வெறும் தண்ணீரில் கழுவினால் சரியாகிவிடுகிறது.

உண்மையான சோதனை ஏலகிரியில். புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் திரையில் 4, 11, 6 என்று எண் ஆடிக்கொண்டே இருந்தது. ஜிபிஎஸ் வளைவைக் குறுக்கே வெட்டிவிட்டால் தூரம் குறையும். அதே உயரத்தைக் குறைந்த தூரத்தால் வகுத்தால் சதவீதம் எகிறும். கடிகாரத்தில்தான் கோளாறு என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

கூட ஓடும் நண்பன் கட்டட வேலை பார்ப்பவன். “மாப்ள, அளந்தே பாத்துரலாம்டா” என்று அடுத்த முறை ஒரு மீட்டர் நீள ரசமட்டத்தோடு (கொத்தனார் மட்டம் பார்க்கும் குமிழ் வைத்த சட்டம்) வந்துவிட்டான். ஒரு முனையை மேட்டுப் பக்கம் சாலையில் வைத்து, குமிழ் நடுவில் நிற்கும்வரை மறுமுனையைத் தூக்க வேண்டும். கீழே உள்ள இடைவெளி எத்தனை சென்டிமீட்டரோ, அத்தனை சதவீதம். வளைவின் உள்விளிம்பில் 14. அதே வளைவில் வெளிவிளிம்பில் 6. பைக்கில் போனவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இந்த உள்விளிம்புச் சண்டை உலக அளவில் நடந்திருக்கிறது. வேல்ஸின் ஹார்லெக் ஊர்த் தெரு ஒன்று 2019-இல் உலகிலேயே செங்குத்தான தெரு என்ற கின்னஸ் பட்டத்தை நியூசிலாந்தின் பால்ட்வின் தெருவிடமிருந்து பறித்தது. சாலையின் நடுக்கோட்டில்தான் அளக்க வேண்டும் என்று முடிவானதும், 2020-இல் 34.8 சதவீதத்தோடு பால்ட்வின் தெருவுக்கே பட்டம் திரும்பியது.

ஓடும்போது தெரியும் திரையிலிருந்து சதவீதத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது மொத்த ஏற்றம் மீட்டரில் வருகிறது. ஒவ்வொரு வளைவு தாண்டும்போதும், ஓட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டும் லேப் பட்டனை அழுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து வகுத்துக்கொள்கிறேன். போன மாதம் ஒரு லேப்பில் 640 மீட்டர் தூரம், 35 மீட்டர் ஏற்றம், சுமார் 5.5 சதவீதம். கால் சொன்னதும் ஏறக்குறைய அதையேதான். ரசமட்டம் இன்னும் என் கார் டிக்கியில் கிடக்கிறது, நண்பன் திருப்பிக் கேட்கவில்லை.